பின்படியில் நாலு சோடிச் சப்பாத்து

துறைமுகத் தெருவில் தை மாதம் நாலு மணிக்கே இருட்டிவிடும். தெருவிளக்குகள் யோசித்து யோசித்து எரிவதற்கு முன்னமே மீன்காரி எரிந்துவிடுவாள். இடுப்புக்கு மேலே றோஸ் நிறத்தில் பெண், கீழே பச்சை நிறத்தில் மீன் வால். கண்ணாடிக் குழாயை வளைத்துச் செய்த விளக்கு. வாலில் ஏதோ பழுது, துடித்துத் துடித்து எரியும். பத்துப் பன்னிரண்டு நாள் கடலில் கிடந்துவிட்டு வரும் டெனிஷ்காரர் கரையில் கால் வைத்ததும் அந்த வாலைத்தான் தேடுவார்கள். கடைக்குப் பெயர் ‘நெப்டூன்’. குடிக்கலாம். வெள்ளியும் சனியும் பெண்கள் மேடையேறி உடுப்பைக் கழற்றி ஆடுவார்கள். எங்கள் தமிழ்ப் பெடியள் அதற்கு வைத்த பெயர் மீன்காரி வீடு.

அந்த மீன்காரிக்கு நேர் மேலே மூன்றாம் மாடியில் லோரன்சும் செலீனாவும் நாலு மாதக் கைக்குழந்தையோடு இருந்தார்கள். எண்பத்தைந்தாம் ஆண்டு புரட்டாதியில் டென்மார்க்கின் அந்தச் சின்ன ஊருக்கு வந்தவர்களுக்கு அகப்பட்ட வீடு அதுதான். ஓகூஸ் பட்டணத்திலிருந்து பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம். மேற்குக் கடல் காற்று ஜன்னல் சட்டத்துக்குள்ளால் விசிலடித்துக்கொண்டு வரும். செலீனா பழைய துணியைக் கிழித்து இடுக்கில் அடைத்து வைத்திருந்தாள்.

லோரன்ஸ் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரன். எட்டு வயதில் தோணியில் ஏறினவன், பள்ளிக்கூடத்தைப் பக்கத்தால் போகும்போது பார்த்ததோடு சரி. நாற்பத்தொரு வயதில், இங்கே டெனிஷ் வகுப்பில்தான் முதன்முதலாக எழுத்துக்கூட்டினான். அதைப் பார்த்துவிட்டு செலீனா தமிழ் எழுத்தையும் கை பிடித்துப் பழக்கினாள். ஒரு கொப்பியில் முன்பக்கம் டெனிஷ், பின்பக்கம் தமிழ். மீன் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கத்தி பிடித்து விறைத்த விரலுக்குப் பென்சில் அடங்காது. ஆனாலும் விடமாட்டான்.

அந்த ஊரில் தமிழ்ப் பெண் என்றால் செலீனா ஒருத்திதான். பழைய மாலுமிகள் விடுதியில் ஒன்பது பெடியள் இருந்தார்கள். பாணும் அவித்த உருளைக்கிழங்கும் தின்று நாக்குச் செத்தவர்கள். சனிக்கிழமை எல்லாரும் இவர்கள் வீட்டுக்கு வருவார்கள். ஒருவன் வெங்காயம் கொண்டுவருவான், ஒருவன் கோழி. தொழிற்சாலையில் டெனிஷ்காரர் வெட்டி எறியும் பெரிய மீன் தலைகளை லோரன்ஸ் கேட்டு வாங்கி வருவான். பருத்தித்துறையிலிருந்து தாய் அனுப்பிய மிளகாய்த்தூளில் கொஞ்சம் கிள்ளிப் போட்டு செலீனா தலைக்குழம்பு வைத்தால் மூன்று மாடிக்கும் மணக்கும். முன்வாசலால் வந்தால் மீன்காரியின் காலடியால் நுழைய வேண்டும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் பெடியள் எல்லாரும் முற்றத்தைச் சுற்றி வந்து பின்படியால் ஏறுவார்கள். மேல்படியில் குழந்தையின் தள்ளுவண்டி நிற்கும். ஆகவே இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவிலுள்ள திருப்பத்தில் சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு வெறுங்காலோடு வருவார்கள்.

தை கடைசியில் கொமூனவிலிருந்து, அதுதான் அந்த ஊர் நகரசபையிலிருந்து, ஒரு கடிதம் வந்தது.

லோரன்ஸ் மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டு விரலை ஊன்றினான். முழுவதும் விளங்கவில்லை. ஆனால் ‘புதன்’, ‘சனி’ என்ற சொற்கள் ஷிப்ட் பலகையில் தினமும் பார்ப்பவை. ‘ஆண்கள்’ என்ற சொல்லைத் தொழிற்சாலைக் கக்கூஸ் கதவில் படித்திருந்தான். ‘பின்படி’ என்பது வாடகைச் சீட்டில் இருந்தது. ‘நெப்டூன்’ என்று இரண்டு இடத்தில் இருந்தது.

“செலீனா, இஞ்ச வந்து பார். பின்படியால ஆம்பிளையள் ஏறினமெண்டு எழுதியிருக்கிறாங்கள்.”

செலீனா குழந்தையை இடுப்பில் வைத்தபடி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு அவனைவிடக் கொஞ்சம் கூட வாசிக்க வரும்.

“கீழ இருக்கிற கடையின்ர அனுமதி பங்குனியோட முடியுதாம். திருப்பிக் குடுக்கிறதோ இல்லையோ எண்டு பார்க்கினமாம். ஆரோ முறைப்பாடு குடுத்திருக்கினம். இருபதாம் திகதி விசாரிக்க வீட்டுக்கு வருவினம், மொழிபெயர்க்க ஆளும் வருமாம்.”

“ஆம்பிளையள் எண்டது?”

“எங்கட பெடியளைத்தான். சனிக்கிழமை வாறவை.”

“சனி சரி. புதன் எண்டும் கிடக்கே?”

செலீனா அடுப்பிலிருந்த பானையின் மூடியைத் திறந்து பார்த்தாள். அதற்குள் கொதிக்கிற தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை.

“பிழையா எழுதியிருப்பினம்,” என்றாள்.

புதன்கிழமை பெரிய படகுகள் வரும் நாள். அன்று மட்டும் லோரன்சுக்குப் பின்னேர ஷிப்ட், பெடியளுக்குக் காலையோடு வேலை முடியும். இரண்டு மணிக்குப் போனால் பத்துக்குத்தான் வருவான். அவன் கடிதத்தை மடித்தான், பிறகு விரித்தான். கொமூனக்காரர் நாளைப் பிழையாக எழுதுவார்களா? இந்த நாட்டில் பஸ்ஸே ஒரு நிமிஷம் பிந்துவதில்லை.

அன்றிலிருந்து அவனுக்கு வீடு வேறு வீடாகிவிட்டது. வந்தால் முதலில் மூக்கைத் திறப்பான். கதிரைகள் எங்கே கிடக்கின்றன என்று பார்ப்பான். வியாழக்கிழமை காலை முகம் துடைக்கத் துவாயை எடுத்தபோது கையில் ஏதோ குத்தியது. வெளிச்சத்தில் பிடித்தான். மயிர். அரை விரல் நீளம், கன்னங்கறுப்பு. அவனுடைய மயிர் நரை கலந்தது, கார்த்திகைக்குப் பிறகு வெட்டாமல் காதை மூடிக் கிடப்பது. செலீனாவினது இடுப்பு மட்டும் வரும். அதை ஒரு கடதாசியில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஏன் வைத்தான் என்று அவனுக்கே தெரியாது.

தொழிற்சாலையில் அவனுக்குப் பக்கத்தில் நிற்பவன் தேவதாசன். அச்சுவேலிப் பெடியன். வாய் ஓயாது.

“என்னண்ணை, முள்ளை விட்டுட்டுச் சதையை எறியிறியள்? அக்காவோட சண்டையோ?”

“வேலையைப் பார்.”

“சனிக்கிழமை சோறு கிடைக்குமோ கிடையாதோ, அதை மட்டும் சொல்லுங்கோ. நாங்கள் ஒன்பது சீவன் அதை நம்பியெல்லோ கிடக்கிறம்.”

லோரன்ஸ் அவனைத் திரும்பிப் பார்த்தான். பிளாஸ்டிக் தொப்பிக்குள் பிடரி பளிச்சென்று இருந்தது.

“ஆர் உனக்கு மயிர் வெட்டினது?”

தேவதாசனின் கத்தி ஒருகணம் நின்றது.

“ஓகூஸுக்குப் போனனான். அங்க ஒரு சலூன்காரன்.”

“எப்ப போனாய்?”

“போனன், வந்தன். நீங்கள் என்ன, பொலிசோ?” அவன் சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு மத்தியானம் வரைக்கும் பேசவில்லை. தேவதாசன் பேசாமல் இருந்தது லோரன்சுக்கு இன்னும் சந்தேகமாகப் போயிற்று.

முற்றத்தில் நெப்டூன் முதலாளி கூர்ட் வெறும் போத்தல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நின்றான். வயிறு முன்னால் வர ஆள் பின்னால் வருகிற உடம்பு. லோரன்சோடு பேசும்போது பாதியைக் கையால் பேசுவான்.

“லோரன்ஸ், உனக்கும் கடிதம் வந்ததா?”

“வந்தது.”

“புதன்கிழமை என் கடை பூட்டு. என் பெண்கள் அன்றைக்கு இந்த ஊரிலேயே இல்லை. இரண்டாம் மாடியில் அவர்கள் உடுப்பு மாற்றும் அறைக்கும் பூட்டு, திறப்பு என் பையில். அப்படியென்றால் படியேறுகிறவர்கள் யார்?”

“சினேகிதர்.”

“எத்தனை சினேகிதர்?”

புதன்கிழமைக் கணக்கு லோரன்சுக்கே தெரியாது. தெரியாது என்று சொல்லவும் முடியாது.

“நான் சொல்வதைக் கேள். எனக்கு ஆட்டத்துக்கு அனுமதி உண்டு, பியருக்கு அனுமதி உண்டு. மேடையில் ஆடுகிற பெண்ணை மாடிக்குக் கொண்டுபோய் விற்க அனுமதி இல்லை. நான் விற்கவும் இல்லை. ஆனால் பின்படியில் ஆண்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினார்கள் என்று எழுதினால் கொமூன என்ன நினைக்கும்? என் அறையில் இல்லை என்றால், எந்த அறையில் என்று கேட்கும்.”

லோரன்ஸ் மூன்றாம் மாடி ஜன்னலைக் கையால் காட்டினான்.

“மேல இருக்கிறது என்ர பெண்சாதி.”

“அதைத்தான் நானும் சொல்கிறேன்,” என்றான் கூர்ட். கெட்ட எண்ணத்தோடு சொன்ன மாதிரியும் தெரியவில்லை. அதுதான் இன்னும் பொறுக்க முடியாமல் இருந்தது.

அடுத்த ஞாயிறு மார்கிரட் வந்தாள். மிஷன் சபையைச் சேர்ந்த டெனிஷ் மனுஷி. அறுபது வயதிருக்கும். வந்த முதல் மாதமே குழந்தைக்குக் கம்பளி, இவர்களுக்குக் கோட்டு, லோரன்சுக்கும் ஒன்பது பெடியளுக்கும் உள்ளே மயிர் வைத்த மண்ணிறச் சப்பாத்து என்று சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து இறக்கியவள். முற்றத்துக்கு எதிரே பேக்கரிக்கு மேலே அவளுடைய வீடு. கேக் கொண்டுவந்தாள். கூடவே ஒரு தாள். அதில் வரிசையாகக் கையெழுத்துகள்.

“இது நெப்டூனுக்கு அனுமதி கொடுக்க வேண்டாம் என்று கேட்பது,” என்றாள், செவிடருக்குச் சொல்வது போல மெல்ல, உரக்க. “நீங்கள் இதே கட்டடத்தில் இருப்பவர்கள். உங்கள் பெயர் இருந்தால் கனம் அதிகம்.”

ஊரில் ஆமிக்காரன் வீடு வீடாக வந்து பெயர்ப் பட்டியல் கேட்ட காலம் லோரன்சின் உடம்பில் இன்னும் இருந்தது. தாளைத் தொடவில்லை.

“படியில போறது ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“இருட்டு. படியின் ஜன்னல் தாழ்வானது, என் வீட்டிலிருந்து முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். சப்பாத்தைக் கழற்றுகிறார்கள், லோரன்ஸ். கழற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து வருகிறார்கள்.” அவளுடைய முகம் சிவந்தது. “நான் நாள் நாளாக எழுதி வைத்திருக்கிறேன்.”

செலீனா தேத்தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் பெலக்கக் கேட்டது.

“பேந்து போடுறம்,” என்றான் லோரன்ஸ். “யோசிச்சுப் போட்டு.”

மார்கிரட் போனதும் அவன் கேட்டான். “என்ன சொல்லுறாய்? கையெழுத்துப் போடுறதோ?”

“கீழ உள்ளவை ஆடினால் ஆடட்டும். அவையள் என்ர தலையில காலை வைக்கேல்லை,” என்றாள் செலீனா. “ஆனால் நாங்கள் வாய் திறக்காமல் இருந்தால் நல்லம். எங்களுக்கு ஏன் தேவையில்லாத கதை?”

‘வாய் திறக்காமல் இருந்தால் நல்லம்’ என்பதை லோரன்ஸ் அன்றைக்கு முழுக்க மென்றுகொண்டு இருந்தான்.

மாசி பன்னிரண்டாம் திகதி, புதன். ஐந்தரை மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனான். பொய் வயிற்றுவலி. பூட்சைக் கழற்றித் தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு துறைமுகத்தால் நடந்தான். தெருவில் உப்புப் போட்டுக் கரைந்த பனி சேறாகக் கிடந்தது. மீன்காரி எரியவில்லை. முற்றத்துக் கதவைத் தள்ளிப் பின்படியில் ஏறினான். முதலாம் மாடி. இரண்டாம் மாடி, கூர்ட் சொன்ன மாதிரிப் பூட்டு. அடுத்த திருப்பத்தில் நின்றுவிட்டான்.

நாலு சோடி. நாலும் மண்ணிறம், உள்ளே மயிர் வைத்தவை. நூலுக்குப் பதிலாக மீன் பெட்டிக் கயிறு கோத்தது தேவதாசனுடையது. குதி தேயாமல் பக்கவாட்டில் தேய்ந்தது சிறீஸ்கந்தராசாவினது, ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருந்தவன். மற்ற இரண்டும் யாரென்று தெரியவில்லை. மேலே கதவு சாத்தியிருந்தது. உள்ளே கசற்றில் பாட்டுப் போனது. அதற்கு மேலாகச் சிரிப்பு. பிறகு செலீனாவின் குரல், வார்த்தை விளங்கவில்லை, ஆனால் அதட்டுகிற குரல். திரும்பவும் சிரிப்பு.

இன்னும் எட்டுப் படி. ஏறித் தட்டினால் சரி. அவனுடைய வீடு, அவனுடைய கதவு. பையில் திறப்பும் இருந்தது.

லோரன்ஸ் அந்தச் சப்பாத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பி இறங்கினான். படகுத்துறைக்குப் போய், ஐஸ் ஏற்றும் இடத்தில் காற்று மறைவில், பத்து மணி வரைக்கும் குந்தியிருந்தான். வீட்டுக்குப் போனபோது செலீனா வழக்கம் போலச் சோற்றைப் போட்டாள்.

“கை என்ன இப்பிடி விறைச்சுக் கிடக்கு?”

“ஐஸ் வேலை,” என்றான்.

இருபதாம் திகதி காலை பத்து மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். கொமூனவின் அனுமதிக் குழுவிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு மனுஷி, நெட்டையாய் ஒரு இளம் ஆள், மொழிபெயர்க்க ஓகூஸிலிருந்து தவராஜா. தவராஜா யாழ்ப்பாணப் பட்டணத்துப் பெரிய கல்லூரியில் படித்தவன், கழுத்தில் ரை கட்டியிருந்தான்.

நெட்டையன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். முகட்டில் கொளுக்கி அடித்துச் சேலையில் கட்டிய ஏணையைக் கண்டதும் தாளில் எழுத ஆயத்தமானான். அந்த நேரம் ஏணை தும்மியது. அவன் குனிந்து உள்ளே பார்த்து, குழந்தையைக் கண்டு, எழுதாமல் விட்டான்.

கண்ணாடிக்காரி கதிரையில் இருந்துகொண்டு முறைப்பாட்டையும், அதற்குப் பிறகு வந்த நாள் குறிப்பையும் எடுத்து வாசித்தாள். தவராஜா தமிழில் சொன்னான்.

“சனிக்கிழமை ஒன்பது பேர். அது சாப்பாட்டுக்கு எண்டு நீங்கள் சொல்லுறதை அவை எழுதிப்போட்டினம். இனிப் புதன்கிழமை. ஐந்தாம் திகதி நாலு பேர். பன்னிரண்டாம் திகதி ஐந்து பேர். அதில் நாலு பேர் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு மேல போனவை. ஐந்தாவது ஆள் சப்பாத்தைக் கழட்டேல்லை. மற்றவையின்ர சப்பாத்துக்குப் பக்கத்தில கன நேரம் நிண்டுபோட்டு, மேல போகாமல் இறங்கிப் போயிட்டார்.”

செலீனா தலையை நிமிர்த்தினாள். கொமூனக்காரியைப் பார்க்கவில்லை, லோரன்சைப் பார்த்தாள். அவனுடைய விறைத்த கை அவளுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

“வந்தவை ஆர், எதுக்கு வந்தவை எண்டு கேட்கினம், அக்கா.”

“சொல்லுறன். அதுக்கு முதல் இவரைக் கேளுங்கோ, அந்த அஞ்சாவது ஆள் ஆரெண்டு.”

ஜன்னல் இடுக்கில் காற்று விசிலடித்தது. லோரன்ஸ் மேசையில் இருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“நான்தான்.”

தவராஜா அதை டெனிஷில் சொன்னான். கண்ணாடிக்காரி எழுதுவதை நிறுத்திவிட்டு முதன்முறையாக அவனை வடிவாகப் பார்த்தாள்.

செலீனா எழும்பிப் போய்க் கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தையும் ஒரு மாப் பையையும் இழுத்து வந்தாள். தகரத்துக்குள் கத்திரிக்கோல், இரண்டு சீப்பு, சவரக் கத்தி, கழுத்தில் கட்டும் வெள்ளைத் துண்டு. மாப் பையை அவிழ்த்துக் காட்டினாள். நிறையக் கறுத்த மயிர். நெட்டையன் ஒரு அடி பின்னால் போனான்.

“பெடியளுக்கு மயிர் வெட்டி விடுறனான். ஊரில ஊரடங்குக்கு சலூன் பூட்டிக் கிடக்கேக்க என்ர மூண்டு தம்பிமாருக்கும் வெட்டிப் பழகினனான். காது மூடின மயிரோட வேலை கேட்டுப் போனால் இவங்களுக்கு ஆர் குடுப்பினம்? வெட்டின மயிரைக் கண்ட இடத்தில போட்டுப் பிறத்தியார் மிதிக்கக்கூடாது. சேர்த்துவைச்சுக் கடலில போடுறனான்.”

தவராஜா மொழிபெயர்க்கவில்லை. ரையைச் சரிசெய்தான். குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, இதை இப்பிடிச் சொல்ல வேணுமே? கொப்பியில ஏறிப்போகும். நாளைக்கு எங்கட சனத்துக்குள்ள கதைப்பினம், கரையாரப் பெண்பிள்ளை இஞ்ச வந்து அம்பட்ட வேலை செய்யிறாவெண்டு. புதன்கிழமையும் சாப்பாடெண்டு சொல்லுவம். அவைக்கு எல்லாம் ஒண்டுதான்.”

செலீனா கத்திரிக்கோலை மேசையில் வைத்தாள். மார்கழியில், ஒரு சனிக்கிழமைச் சாப்பாட்டில், தேவதாசன் ‘அக்கா ஒருக்கா வெட்டி விடுங்கோவன்’ என்று கேட்டபோது, கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு ‘என்ர வீட்டில அந்தத் தொழில் நடக்காது, என்ர சனம் கேள்விப்பட்டால் என்ன சொல்லும்’ என்று கத்தினவன் லோரன்ஸ்தான். கோபத்தில் சொல்லிவிட்டு அவன் மறந்துபோனான். அவள் மறக்கவில்லை. பெடியளும் மறக்கவில்லை. அதனால்தான் புதன்.

லோரன்ஸ் சட்டைப் பையைத் தொட்டான். மடித்த கடதாசி இன்னும் அங்கே இருந்தது.

“தம்பி,” என்றான். “அவள் சொன்னதை அப்பிடியே சொல்லு. ஒரு சொல்லும் விடாதை.”

“அண்ணை, நான் உங்கட நன்மைக்கு…”

“சாப்பாடெண்டு சொன்னால் நாளைக்குப் பொய் எண்டு பிடிப்பாங்கள். பேந்து என்ன செய்தவையெண்டு அவங்களே யோசிப்பாங்கள். நான் யோசிச்ச மாதிரி. சொல்லு.”

தவராஜா சொன்னான். கண்ணாடிக்காரி கத்திரிக்கோலை எடுத்து இரண்டு தரம் காற்றில் வெட்டிப் பார்த்தாள்.

“கூலி வாங்குகிறீர்களா?”

“வெங்காயம் கொண்டுவருவினம்.”

“வெங்காயத்துக்கு எங்கள் குழுவிடம் அனுமதி எடுக்கத் தேவையில்லை,” என்றாள் கண்ணாடிக்காரி. நெட்டையன் மட்டும் சிரித்தான்.

அவர்கள் படியிறங்கிய சத்தம் அடங்கும் மட்டும் செலீனா கத்திரிக்கோலைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

“கதவைத் தட்டியிருக்கலாமே?”

“தட்டினால்…”

“தட்டினால்? என்னத்தைக் காணுவனெண்டு நினைச்சனீங்கள்? சொல்லுங்கோ, இஞ்ச ஒருத்தரும் இல்லை. மொழிபெயர்க்கவும் தேவையில்லை.”

அவன் ஜன்னல் இடுக்கில் கழன்ற துணியைத் திரும்ப அடைத்தான்.

“மார்கிரட் ஜன்னலால பார்த்தா. நீங்கள் படியில நிண்டு பார்த்தியள். ரெண்டு பேருக்கும் கால்தான் தெரிஞ்சது.”

“நீயும் எனக்கு ஒளிச்சனியெல்லோ.”

“ஓம், ஒளிச்சன். மயிர் வெட்டினதை ஒளிச்சன். நீங்கள் ஒளிச்சது என்ன தெரியுமோ? எட்டு நாளாய் என்ர கையால சோறு வாங்கித் திண்டுகொண்டு, என்னை என்ன எண்டு நினைச்சுக்கொண்டு இருந்ததை.”

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவள் தேவைக்குத்தான் பேசினாள். சோறு இருக்கு. பிள்ளை முழிச்சிட்டுது. மழை வரப்போகுது. அவ்வளவுதான். புதன்கிழமை பெடியள் வந்தார்கள், இப்போது ஒளிக்கவில்லை. அடுத்த நாள் அவன் வீட்டைக் கூட்டும்போது மூலையில் கிடக்கும் மயிரை எடுத்துத் தானே மாப் பைக்குள் போட்டான். அவள் அதைக் கண்டாள்.

பங்குனி நடுவில் கடிதம் வந்தது. இந்த முறை லோரன்ஸ் யாரையும் கூப்பிடவில்லை. முக்கால் மணித்தியாலம் எடுத்து, விரலால் தடவித் தடவித் தானே வாசித்தான். நெப்டூனுக்கு இன்னும் ஒரு வருஷம் அனுமதி. ஆனால் ஒரு நிபந்தனை. பின்படிக் கதவு பின்னேரம் மூன்று மணியிலிருந்து பூட்டியிருக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் வருகிறவர்களும் முன்வாசலால்தான் வர வேண்டும். யார் வருகிறார், யார் போகிறார் என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி.

கூர்ட் ஒரு போத்தலைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு முற்றத்தில் வந்து நின்றான்.

“எனக்காகச் சாட்சி சொன்னாய்.”

“உனக்காக இல்லை,” என்றான் லோரன்ஸ். போத்தலை வாங்கவும் இல்லை.

மார்கிரட்டைப் பேக்கரி வாசலில் கண்டான். அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“நீங்கள் அவர்கள் பக்கம் நின்றுவிட்டீர்கள், லோரன்ஸ். நான் உங்களுக்காகத்தான்…”

அவன் அந்த வசனத்தை இரண்டு நாளாக டெனிஷில் அடுக்கி வைத்திருந்தான்.

“மார்கிரட், அந்தச் சப்பாத்து எல்லாம் நீங்கள் தந்தது.”

அவள் தலையைக் குனிந்தாள். அவனுடைய காலைப் பார்த்தாள். அதே மண்ணிறம், அதே மயிர். இருட்டில் தெரியவில்லையா, தெரிந்தும் எழுதினாளா என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. அவள் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

அந்தக் கிழமைச் சனி விடிய செலீனா மீன் தலைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். லோரன்ஸ் ஒரு கதிரையை இழுத்து ஜன்னலடியில் வெளிச்சத்துக்குப் போட்டான். சட்டையைக் கழற்றிவிட்டு அதில் இருந்தான். கட்டிலுக்குக் கீழே கிடந்த தகரத்தை மடியில் வைத்திருந்தான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றாள்.

“என்ர சனம் கேள்விப்பட்டால் என்ன சொல்லும்?” என்று கேட்டாள்.

“கொமூனவே எழுதி வைச்சிருக்குது. இனி ஆர் கேள்விப்பட்டால் என்ன?”

“குனியுங்கோ.”

குனிந்தான். மீன் மணக்கிற அவளுடைய விரல் அவன் காதை மடித்துப் பிடித்தது. கத்திரி சீப்பின் மேலால் ஓடியது. நரை கலந்த மயிர் வெள்ளைத் துண்டில் விழுந்து நிரம்பியது. பிடரியில் சவரக் கத்தி இறங்கியபோது அவன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

“ஆடாதேங்கோ,” என்றாள். “என்னில நம்பிக்கை இல்லாட்டி இப்பவே எழும்பலாம்.”

அவன் ஆடவில்லை.

பின்னேரம் ஆறு மணிக்குப் பின்படிக் கதவு பூட்டியிருந்தது. முன்வாசலில் மீன்காரி எரியத் தொடங்கினாள், வால் துடித்தது. சனிக்கிழமை. தெருவில் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். பேக்கரிக்கு மேலே ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. லோரன்ஸ் இறங்கி வந்து முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். மற்றப் பக்கக் கதவில் நெப்டூனின் வாசல்காரன், கதவளவு அகலமான டெனிஷ்காரன், கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

தெரு மூலையில் ஒன்பது பேரும் கூட்டமாக நின்றுவிட்டார்கள். கோழிப் பை, வெங்காயப் பை. ஒருத்தனும் முதலில் வர மாட்டேன் என்றான்.

“என்னடாப்பா நிக்கிறியள்?” என்று லோரன்ஸ் சத்தம் போட்டான். “சோறு ஆறுது!”

“அண்ணை, இதுக்குள்ளாலயோ?” என்றான் தேவதாசன். மேலே றோஸ் வெளிச்சத்தைப் பார்த்தான். “என்ர அம்மா கண்டால் கிணத்தில விழுந்திடுவா.”

“உன்ர அம்மா ஊரில இருக்கிறா. கொமூன சொன்ன வழி இதுதான். தலையை நிமிர்த்திக்கொண்டு வா.”

சிறீஸ்கந்தராசா வெங்காயப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதலில் வந்தான். பிறகு மற்றவர்கள். ஒவ்வொருத்தனும் மீன்காரியின் கீழால் குனிந்து வந்தான். ஒவ்வொரு பிடரியும் ஒரே கை வெட்டின பிடரி, நேர்கோடு போட்ட மாதிரி.

“இன்றைக்கு என்னைவிட உனக்குத்தான் ஆட்கள் கூட,” என்றான் வாசல்காரன்.

“ஒன்பது,” என்றான் லோரன்ஸ்.

கடலிலிருந்து காற்று வந்தது. வழித்த பிடரியில் ஊசியாகக் குத்தியது. கோட்டுக் கொலரை உயர்த்தினான். எதிரே ஜன்னலில் திரைச்சீலை அசைவது தெரிந்தது. அவன் கொலரைத் திரும்ப இறக்கிவிட்டு, பிடரியை அந்த ஜன்னலுக்குக் காட்டிக்கொண்டு, கடைசிப் பெடியனும் ஏறும் மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.